உலக சுகாதார மானியத் திட்டங்களுக்கான ஆலோசகர் சான்றளிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எய்ட்ஸ், காசநோய், மலேரியா திட்டங்களுக்கு உதவப் போகும் ஆலோசகர்களை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் வேலையில் இருப்பதால், ஒரே சந்தேகங்களைப் பலரிடமிருந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். விண்ணப்பிக்க நினைப்பவர்கள் கேட்கிறார்கள். ஆலோசகரை வரவழைக்கும் திட்ட மேலாளர்களும் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும், இந்த மூன்று நோய்களுக்காகப் பல நாடுகளுக்கு நிதி தரும் சர்வதேச அமைப்பான குளோபல் ஃபண்டின் மானியங்களைச் சேர்ந்தவை. நான் அறிந்தவரை, இந்த வகை உதவி அதிகம் தேவைப்படுவது அங்கேதான்.

இந்த ஆலோசகர் என்பவர் சரியாக என்ன வேலை செய்கிறார்?

ஒரு நாட்டின் காசநோய்த் திட்டத்துக்கு மூன்றாண்டு மானியம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு முடியும்போது பாதிப் பணம் செலவாகாமல் கிடக்கிறது. மாவட்டங்களிலிருந்து வரும் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கிடங்கில் ஒரு மருந்து காலாவதியாகிறது, இன்னொன்று தீர்ந்துபோகிறது. எங்கே சிக்கல் என்று கண்டுபிடித்து, அங்கே இருப்பவர்களோடு உட்கார்ந்து சரிசெய்து, பிறகு அவர்களே நடத்திக்கொள்ளும்படி விட்டுவிட்டு வர ஒருவர் சில வாரங்களுக்குப் போகிறார். அவரைத்தான் தொழில்நுட்ப உதவி ஆலோசகர் என்கிறோம்.

சிகிச்சை பற்றிய ஆலோசனை இதில் சிறு பகுதிதான். நிர்வாகம், கணக்கு, கொள்முதல், தரவு ஆகியவையே பெரும்பகுதி. நோயாளியின் கைக்கு மாத்திரை வந்து சேராததற்குக் காரணம் பல நேரங்களில் மருத்துவமனையில் இருப்பதில்லை. மாதக்கணக்கில் நகராத ஒரு கொள்முதல் கோப்பிலோ, தவறாகப் போட்ட ஒரு கணக்கிலோ இருக்கும்.

குளோபல் ஃபண்டுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஆபீஸ் இருக்குமே, அவங்களே உதவி பண்ண மாட்டாங்களா?

இல்லை. 2002இல் தொடங்கிய குளோபல் ஃபண்ட், மானியம் பெறும் நாடுகளில் அலுவலகம் வைத்துக்கொள்வதில்லை. செயலகம் ஜெனீவாவில் இருக்கிறது. அந்தந்த நாட்டில் அரசு, தொண்டு நிறுவனங்கள், நோயோடு வாழ்பவர்கள், தனியார் துறை எனப் பல தரப்பினர் சேர்ந்த சிசிஎம் என்ற ஒருங்கிணைப்புக் குழு நிதிக் கோரிக்கையைத் தயாரிக்கிறது, மேற்பார்வையும் செய்கிறது. பணம் பிஆர் எனப்படும் முதன்மைப் பெறுநர் அமைப்புக்குப் போகிறது, அதன் வழியாக எஸ்ஆர் எனப்படும் துணைப் பெறுநர்களுக்குப் போகிறது. எல்எஃப்ஏ எனப்படும் உள்ளூர் முகவர் நிறுவனம் குளோபல் ஃபண்ட் சார்பில் களத்தில் இருந்து கணக்குகளையும் எண்களையும் சரிபார்க்கிறது.

எல்எஃப்ஏவின் வேலை சரிபார்ப்பது, சொல்லிக்கொடுப்பது அதன் பொறுப்பில் வராது. செயலகம் கேள்வி கேட்கும், பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்து தராது. இந்த இடைவெளியில்தான் ஆலோசகர் வருகிறார். அவர் திறமையானவர்தானா என்று அந்தத் திட்டத்துக்கு முன்கூட்டியே தெரிய வேறு வழியில்லை. சான்றளிப்புக்கான தேவை அங்கிருந்து பிறந்தது.

அப்போ இவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறாங்க?

பெரும்பாலும் நன்கொடை நாடுகள். அமெரிக்கா, குளோபல் ஃபண்டுக்குத் தரும் தொகையில் 5% வரை தொழில்நுட்ப உதவிக்கு ஒதுக்கி வைக்கச் சட்டம் இடம் கொடுத்தது. கிரான்ட் மேனேஜ்மென்ட் சொல்யூஷன்ஸ் என்ற திட்டம், எம்எஸ்எச் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் தலைமையில், 2007 முதல் 2017 வரை அமெரிக்கப் பணத்தில்தான் நடந்தது. பிரான்ஸ் 2011இல் இதே நோக்கத்தோடு தொடங்கிய முயற்சியை இப்போது லினிசியாட்டிவ் என்ற பெயரில் எக்ஸ்பர்டீஸ் பிரான்ஸ் என்ற அரசு நிறுவனம் நடத்துகிறது. ஜெர்மனிக்கு பேக்அப் என்ற திட்டம் 2002 முதல் இருக்கிறது.

இவை தவிர, மானியத்தின் பட்ஜெட்டிலேயே ஆலோசகருக்கான செலவைச் சேர்ப்பதும் உண்டு. அப்படிச் சேர்க்கும்போது அது நோயாளிகளுக்கான பணத்திலிருந்தே போகிறது. ஆலோசகரின் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு மருந்துக்கோ பரிசோதனைக்கோ ஆகியிருக்கக்கூடிய பணம். தகுதியை மதிப்பிடுவதில் நாங்கள் கறாராக இருப்பது இதனால்தான்.

குளோபல் ஃபண்ட் சர்டிஃபிகேட் எங்கே வாங்குறது?

எல்லா நாட்டுக்கும், எல்லா நிறுவனத்துக்கும் செல்லுபடியாகும் ஒரே உரிமம் என்று எதுவும் கிடையாது. மருத்துவருக்கு மருத்துவக் கவுன்சில் இருப்பதுபோல இந்தத் தொழிலுக்கு ஒரு கவுன்சில் இல்லை. ஆலோசகர்களை அனுப்பும் திட்டங்களும் நிறுவனங்களும் தங்கள் பட்டியலுக்காகத் தாங்களே மதிப்பிட்டுச் சான்று தருகின்றன. மேலே சொன்ன கிரான்ட் மேனேஜ்மென்ட் சொல்யூஷன்ஸும் தன் ஆலோசகர்களைப் பயிற்றுவித்துச் சான்றளித்தது. ஆகவே ஒரு சான்றைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, கொடுத்தது யார், எதைச் சோதித்தார்கள் என்பதைத்தான்.

தனிநபர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகள் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு ஒரு உலகத் தரநிலை இருக்கிறது: ஐஎஸ்ஓ/ஐஇசி 17024. அதன் இரண்டாம் பதிப்பு 2012இல் வந்தது. சுகாதாரத்துக்கென்று எழுதப்பட்டதல்ல, எந்தத் தொழிலுக்கும் பொருந்தும். ஒரு சான்றளிப்பு முறை நம்பத்தக்கதா என்று பார்க்க நான் அதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

பணம் கட்டினால் "சர்வதேசச் சான்று பெற்ற சுகாதார ஆலோசகர்" என்று தாள் தரும் இணையதளங்களை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் அந்தத் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஆன்லைன் கோர்ஸ் முடிச்சேன், சர்டிஃபிகேட் கொடுத்தாங்க. அது போதாதா?

அது பயிற்சியை முடித்ததற்கான அத்தாட்சி. நீங்கள் பாடங்களைக் கேட்டீர்கள், வினாடி வினாவில் தேறினீர்கள் என்று சொல்கிறது. தகுதிச் சான்று அதற்கு மேலே போகிறது: இந்த வேலையை இந்தத் தரத்தில் இவரால் செய்ய முடியும், நாங்கள் பார்த்தோம், இனியும் கண்காணிப்போம் என்று ஒரு அமைப்பு பொறுப்பேற்றுக்கொள்கிறது.

பயிற்சி தருபவரே சான்றும் தந்தால் என்ன என்று கேட்பார்கள். தன் மாணவர் தோற்றால் தன் பயிற்சியே தோற்றதாகத் தெரியும் என்பதால் அவருக்குத் தேர்ச்சி தரும் உந்துதல் இருக்கும். ஒரே நிறுவனம் இரண்டையும் செய்வது நடுநிலைக்கு ஆபத்து என்று 17024 தரநிலை வெளிப்படையாகவே சொல்கிறது. எங்களிடம் படித்தால் சான்று எளிதாகவோ மலிவாகவோ கிடைக்கும் என்று குறிப்பாகக்கூட உணர்த்தக் கூடாது என்றும் சொல்கிறது. அப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்தால் விலகிவிடுங்கள்.

எனக்கு 20 வருஷ அனுபவம். என்னைப் போய் பரீட்சை எழுதச் சொல்றது நியாயமா?

நியாயம்தான். இருபது ஆண்டுகள் ஒரு நாட்டின் திட்டத்தை நடத்தியவருக்கு அந்தத் திட்டம் அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். ஆனால் ஆலோசகராகப் போகும் இடத்தில் அவருக்கு அதிகாரம் இல்லை, ஆட்கள் இல்லை, இரண்டு மூன்று வாரம்தான் கையில் இருக்கிறது. உத்தரவு போட்டுப் பழகியவர் அங்கே கேட்டு, காட்டி, சம்மதிக்க வைக்க வேண்டும். நல்ல மேலாளர்கள் பலர் இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்க்கிறேன்.

மருத்துவப் பட்டமும் இதேபோலத்தான். மருத்துவர்கள் இந்த வேலைக்குத் தேவை, ஆனால் பட்டம் மட்டுமே சிசிஎம் விதிகளையோ கணக்கறிக்கையையோ புரியவைத்துவிடாது. அனுபவத்துக்கு மதிப்புத் தரும் முறை, முன்பு செய்த வேலைகளின் ஆவணங்களை ஏற்றுக்கொண்டு அடிப்படைத் தேர்வைக் குறைக்கலாம். நேரில் பார்க்கும் மதிப்பீட்டிலிருந்து மட்டும் யாருக்கும் விலக்கு அளிக்கக் கூடாது.

எந்தப் பிரிவில் விண்ணப்பிக்கிறது?

நான்கு பிரிவுகள் பழக்கத்தில் இருக்கின்றன: சிசிஎம் நிர்வாகம், பிஆரின் திட்ட மற்றும் நிதி மேலாண்மை, கொள்முதலும் மருந்து வழங்கலும், கண்காணிப்பும் மதிப்பீடும். ஒன்றில் ஆழமாக இருங்கள். நான்கிலும் டிக் செய்து வரும் விண்ணப்பம் எங்களுக்கு எச்சரிக்கையாகவே படுகிறது.

சிசிஎம் நிர்வாகத்தில் விதிகள் தெரிந்தால் மட்டும் போதாது. குழு நிதி கேட்கத் தகுதி பெறுவதற்கு ஆறு நிபந்தனைகள் இருக்கின்றன. கோரிக்கை தயாரிப்பு வெளிப்படையாக இருந்ததா, பிஆர் தேர்வு வெளிப்படையாக நடந்ததா என்ற முதல் இரண்டும் ஒவ்வொரு நிதிக் கோரிக்கையின்போதும் பார்க்கப்படும். மேற்பார்வைத் திட்டம், நோயால் பாதிக்கப்பட்டோரின் இடம், அரசு சாரா உறுப்பினர்களை அவரவர் தரப்பே தேர்ந்தெடுப்பது, நலன் முரண்பாட்டுக் கொள்கை ஆகியவை மற்ற நான்கு. காகிதத்தில் இவை சுலபம். அமைச்சக அதிகாரி தலைவராக உட்கார்ந்திருக்கும் அறையில், எச்ஐவியோடு வாழும் ஒருவர் தயங்காமல் எதிர்க்கேள்வி கேட்கும் நிலையை உருவாக்குவதுதான் கடினம். அந்தத் திறனைத்தான் தேடுகிறோம்.

மதிப்பீடு எப்படி நடக்கும்? எழுத்துத் தேர்வா, நேர்காணலா?

ஒழுங்கான முறையில் மூன்று கட்டங்கள் இருக்கும். முதலில் ஆவணங்கள்: நீங்கள் எழுதிய அறிக்கைகள், அவற்றில் உங்கள் பங்கு எது என்ற விளக்கம். குழுவாக எழுதிய அறிக்கையைத் தனியாக எழுதியதாகக் காட்டுபவர்கள் இங்கேயே நின்றுவிடுவார்கள்.

இரண்டாவது, உண்மை நிலைமையை ஒட்டிய பயிற்சிச் சூழல். கொள்முதல் பிரிவுக்கு ஒரு உதாரணம்: 36 லட்சம் மக்களுக்குக் கொசுவலை வாங்க வேண்டும், எத்தனை? இருவருக்கு ஒன்று என்று வைத்து 18 லட்சம் என்பார் ஒருவர். ஆனால் மூன்று பேர், ஐந்து பேர் உள்ள வீடுகளில் கணக்கு சமமாக வகுபடாது. அதனால் கொள்முதலுக்கு 1.8 பேருக்கு ஒன்று என்று கணக்கிட உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. 36 லட்சத்தை 1.8ஆல் வகுத்தால் 20 லட்சம். 2 லட்சம் வலை வித்தியாசம். அடுத்த கேள்வி, பணம் 18 லட்சத்துக்கு மட்டுமே இருந்தால் என்ன செய்வீர்கள் என்பது. அங்கேதான் ஆளின் தரம் தெரியும்.

கண்காணிப்புப் பிரிவில், எச்ஐவி சிகிச்சையில் "இதுவரை சேர்ந்தவர்கள்" எண்ணையும் "இப்போது மருந்து எடுப்பவர்கள்" எண்ணையும் கலந்து எழுதிய ஒரு அறிக்கையைக் கையில் கொடுப்போம். இறந்தவர்களும் விட்டுப்போனவர்களும் முதல் எண்ணில் இருப்பார்கள். அதை வைத்து மருந்து வாங்கினால் கிடங்கில் தேங்கும். இந்தக் கலப்பைப் பார்த்த உடனே பிடிப்பவர் பதிவேட்டைப் புரட்டிப் பழகியவர்.

மூன்றாவது கட்டம்தான் எனக்கு முக்கியம்: அனுபவமுள்ள ஒரு குழுத் தலைவரின் கீழ் ஒரு உண்மையான பணி. போன இடத்தில் எப்படிக் கேட்டார், யாரைப் பேசவிட்டார், சொன்ன நாளில் வரைவைக் கொடுத்தாரா, அந்த ஊழியர்கள் அவர் இல்லாமல் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டார்களா என்று பார்க்கிறோம். முதல் இரண்டு கட்டங்களிலும் உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர் இதில் நின்றுபோவது உண்டு. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வேலையைத் தானே செய்து முடித்துவிட்டு வந்திருப்பார்.

பழைய ஆபீஸ்ல எல்லாம் என்னைப் பற்றி விசாரிக்கிறீங்களாமே? அவமானமா இருக்கு.

உங்கள் மேல் சந்தேகம் என்று பொருளில்லை, எல்லோருக்கும் செய்கிறோம். குறுகிய காலத்துக்கு வந்துபோகும் வெளியாளுக்கு, அவர் உதவ வந்த மக்கள் மேல் பெரிய அதிகாரம் இருக்கிறது. காங்கோ ஜனநாயகக் குடியரசில் 2018 முதல் 2020 வரை நடந்த எபோலா பணியில் பெண்கள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதை 2021இல் ஒரு சுயாதீன ஆணையம் வெளிக்கொண்டுவந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களாக ஆணையம் அடையாளம் கண்ட 83 பேரில் 21 பேர் உலக சுகாதார நிறுவனம் பணியமர்த்தியவர்கள். ஒரு இடத்தில் புகாரோடு வெளியேறியவர் அடுத்த இடத்தில் புதியவராக நுழைய முடிந்தால் சான்றளிப்புக்கே அர்த்தமில்லை. இந்த விசாரணையை எந்த ஆளுக்காகவும், எந்த அவசரத்துக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஃபெயில் ஆனா திரும்ப வரலாமா?

வரலாம். எதில் குறை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. முடிவு தவறு என்று நினைத்தால் மேல்முறையீடு செய்யவும் வழி இருக்க வேண்டும், அதை முதல் மதிப்பீட்டில் இல்லாத ஒருவர் பார்க்க வேண்டும். மேல்முறையீட்டு வழியே இல்லாத சான்றளிப்பில் சேர வேண்டாம் என்பேன்.

என் சொந்த நாட்டுத் திட்டத்துக்கே ஆலோசகரா போகலாமா?

பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. மொழி தெரியும், அமைப்பு தெரியும், வேலை முடிந்தபின்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பீர்கள். இதெல்லாம் பெரிய பலம். ஆனால் நீங்கள் சமீபத்தில் அந்தப் பிஆரில் வேலை பார்த்தவரா, உங்கள் உறவினர் எஸ்ஆர் ஒன்றை நடத்துகிறாரா, உங்கள் பரிந்துரையால் யாருக்காவது ஒப்பந்தம் கிடைக்குமா என்பதை எல்லாம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். முரண்பாடு இருப்பது குற்றமில்லை. மறைப்பதுதான் சான்றை இழக்கச் செய்யும்.

முன்னாடி எல்எஃப்ஏல இருந்தேன். இப்போ அதே பிஆருக்கு உதவி பண்ணலாமா?

அதே நாட்டில், அதே மானியத்தில் கூடாது. நீங்கள் சரிபார்த்துக் குறை சொன்ன கணக்கை நீங்களே சம்பளம் வாங்கிச் சரிசெய்வதும், நீங்கள் சரிசெய்ததை உங்கள் பழைய சக ஊழியர்கள் சரிபார்ப்பதும் இரண்டு தரப்பையும் பாதிக்கும். வேறு நாட்டில் தாராளமாகச் செய்யலாம். எல்எஃப்ஏ அனுபவம் உள்ளவர்கள் நிதிப் பிரிவில் அருமையான ஆலோசகர்களாக இருக்கிறார்கள், எந்தத் தாளை எங்கே தேடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

நிதிக் கோரிக்கையை முழுசா நானே எழுதிக் கொடுத்துட்டா அவங்களுக்கு வேலை மிச்சம்தானே?

கெடு நெருங்கும்போது சிசிஎம்மே இப்படிக் கேட்கும். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். கோரிக்கையை டிஆர்பி என்ற சுயாதீன நிபுணர் குழு ஆராய்கிறது. திருப்திப்படாவிட்டால் திருத்தி எழுதத் திருப்பி அனுப்பும். அப்போது நீங்கள் வேறு நாட்டில் இருப்பீர்கள், எந்த எண் எங்கிருந்து வந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. அது தாண்டினாலும், கோரிக்கையை மானிய ஒப்பந்தமாக மாற்றும் கட்டத்தில் ஒவ்வொரு பட்ஜெட் வரிக்கும் இலக்குக்கும் விளக்கம் சொல்ல வேண்டும்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. கோரிக்கைக்கு முந்தைய கலந்துரையாடலில் பாதிக்கப்பட்ட சமூகங்களின் முன்னுரிமைகள் வெளிவர வேண்டும். வெளியாள் அறையில் உட்கார்ந்து எழுதிய ஆவணத்தில் அவர்கள் குரல் ஒரு பத்தியாகச் சுருங்கிவிடும். நீங்கள் அமைப்பைச் சொல்லிக் கொடுக்கலாம், இடைவெளிகளைச் சுட்டலாம், மொழியைத் திருத்தலாம், பட்ஜெட் கூட்டலைச் சரிபார்க்கலாம். எதற்கு முன்னுரிமை என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். எங்கள் மூன்றாம் கட்டத்தில் பலர் நின்றுபோகும் காரணமும் இதுதான் என்று மேலே சொன்னேன்.

அறிக்கையில இந்தப் பகுதியை எடுத்துடுங்கன்னு அங்கிருக்கும் அதிகாரி சொன்னா?

முதலில் ஏன் என்று கேளுங்கள். சில நேரம் அவர் சொல்வது சரியாக இருக்கும்: எண் பழையது, ஒருவரின் பெயர் அநாவசியமாக வெளிப்படுகிறது, சொற்கள் புண்படுத்துகின்றன. அதைத் திருத்துங்கள். உண்மைத் தவறைத் திருத்தக் கேட்பதற்கும் கண்டறிந்ததை மறைக்கக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவது என்றால், அவருடைய மறுப்பை அறிக்கையில் தனியாகப் பதிவு செய்ய முன்வாருங்கள், உங்கள் கண்டறிதலை அப்படியே வையுங்கள், உங்களை அனுப்பிய நிறுவனத்துக்கு அன்றே எழுதுங்கள். இந்த இடத்தில் உங்களைத் தாங்கிப் பிடிப்பது சான்று கொடுத்த அமைப்பின் கடமை. தாங்கவில்லை என்றால் அந்தப் பட்டியலில் இருப்பதில் பயனில்லை.

வேலை செய்யும்போது பணம் திருடப்படுறது கண்ணில் பட்டா என்ன செய்றது? ரகசியம் காப்பேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேனே?

கேட்கப்படுவதிலேயே கடினமான கேள்வி இது. ரகசியம் காக்கும் ஒப்பந்தம் திட்டத்தின் தகவல்களை வெளியே பரப்பாமல் இருக்கத்தான், மோசடியை மறைக்க இல்லை. குளோபல் ஃபண்டில் ஓஐஜி என்ற தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2005 முதல் இருக்கிறது. அது செயலகத்துக்குக் கீழே இல்லை, நேரே வாரியத்துக்குப் பதில் சொல்கிறது. யார் வேண்டுமானாலும், பெயர் சொல்லாமல்கூட, அங்கே புகார் தரலாம்.

அதே சமயம் நீங்கள் புலனாய்வாளர் இல்லை. ஆட்களை உட்காரவைத்து விசாரிக்காதீர்கள், கூட்டத்தில் அறிவிக்காதீர்கள், சந்தேகப்பட்டவரிடமே போய்க் கேட்காதீர்கள். ஆதாரம் அழிந்துவிடும், உங்களுக்குத் தகவல் சொன்ன கீழ்நிலை ஊழியர் மாட்டிக்கொள்வார். உங்கள் வேலையின் போக்கில் பார்த்ததை, பார்த்த தேதியோடு எழுதிவைத்து உரிய வழியில் அனுப்புங்கள். ஒரு ரசீது இல்லாததும் ஒரு திருட்டும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். குழப்பமான கணக்கு வைத்திருக்கும் நேர்மையான மனிதர்கள் ஏராளம்.

புகார் கொடுத்தால் மானியம் நின்று நோயாளிகள் பாதிக்கப்படுவார்களே என்பார்கள். 2005 ஆகஸ்டில் உகாண்டாவின் ஐந்து மானியங்களும் நிர்வாகச் சீர்கேட்டால் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது உண்மைதான். ஆனால் சீர்கேடு அந்த அளவுக்கு வளர்ந்தபின் வந்த நிறுத்தம் அது. ஆரம்பத்திலேயே தெரிந்தால் முழு மானியத்தையும் நிறுத்தாமல் பொறுப்பை வேறு பெறுநருக்கு மாற்றவும், மருந்துக் கொள்முதலைத் தனியே நடத்தவும் வழி கிடைக்கிறது.

சான்று எத்தனை வருஷம் செல்லும்? ஏன் புதுப்பிக்கணும்?

மூன்று ஆண்டுகள் என்பது என் கருத்தில் பொருத்தமான காலம், குளோபல் ஃபண்டின் மானியச் சுழற்சியும் அதுவே. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. முன்பு சுற்று சுற்றாகப் போட்டியிட்டு மானியம் வாங்கினார்கள். 11ஆம் சுற்று 2011 நவம்பரில் ரத்தானது. அதன்பிறகு நாட்டுக்கு இவ்வளவு என்று முன்பே ஒதுக்கும் முறை வந்தது. சுற்று முறையில் கைதேர்ந்த ஒருவர் அப்படியே ஒதுக்கீட்டு முறையில் இறங்கினால் தவறான அறிவுரைதான் சொல்வார்.

சிகிச்சையும் மாறுகிறது. எச்ஐவிக்கு டொலுடெக்ராவிர் முதன்மை மருந்தானபோது, பழைய மருந்தின் கையிருப்பைத் தீர்த்துக்கொண்டே புதியதை வரவழைக்கும் கணக்கைக் கொள்முதல் ஆலோசகர்கள் போட வேண்டியிருந்தது. மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சையை 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தபோதும் அப்படித்தான். புதுப்பிக்கும்போது முழுத் தேர்வும் தேவையில்லை. இடையில் செய்த பணிகளைப் பற்றி அந்தந்தத் திட்டங்கள் சொன்ன கருத்தும், மாற்றங்கள் பற்றிய ஒரு சோதனையும் போதும்.

சான்று வாங்கினவர் வேலையைக் கெடுத்துட்டா யார் பொறுப்பு?

வேலைக்கு அனுப்பிய நிறுவனம் அந்த வேலையைச் சரிசெய்து கொடுக்க வேண்டும். சான்றளித்த அமைப்பு புகாரை விசாரித்து, தேவைப்பட்டால் சான்றை இடைநிறுத்தவோ ரத்து செய்யவோ வேண்டும். சான்றிதழ் அதைக் கொடுத்த அமைப்பின் சொத்து, உங்களுடையதல்ல. அதனால்தான் திரும்பப் பெற முடிகிறது. எந்தக் காலத்திலும் யாருடைய சான்றும் ரத்தாகாத ஒரு பட்டியலை நான் நம்ப மாட்டேன்.

இதே சான்றை வச்சு காவியிலயும் வேலை பார்க்கலாமா?

தானாகச் செல்லாது. 2000இல் தொடங்கிய தடுப்பூசிக் கூட்டணியான காவி, தொழில்நுட்ப உதவியைத் தன் கூட்டாளி அமைப்புகள் வழியாகத் தனி ஏற்பாட்டில் கொடுக்கிறது. அங்கே தடுப்பூசியைக் குளிர் குறையாமல் கொண்டுசேர்க்கும் குளிர்பதனச் சங்கிலி, ஒரு தடுப்பூசிகூடப் போடப்படாத குழந்தைகளைத் தேடிப்பிடிப்பது என்று வேலையின் உள்ளடக்கமே வேறு. நிதி, தரவுத் தரம் போன்ற பிரிவுகளில் உங்கள் மதிப்பீட்டு அறிக்கை உதவும். சான்றிதழை மட்டும் அனுப்பாமல் அந்த அறிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள்.

2025ல இவ்வளவு நிதி குறைஞ்சபிறகு இந்தச் சான்று வாங்குறதுல பிரயோஜனம் இருக்கா?

வாய்ப்புகள் குறைந்திருக்கின்றன, அதை மறைக்க விரும்பவில்லை. அமெரிக்க உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1 முதல் தனி அமைப்பாக இயங்கவில்லை. குளோபல் ஃபண்ட் நடப்பிலிருந்த மானியங்களிலேயே 143 கோடி டாலரைக் குறைத்தது. 2022 நிதி திரட்டலில் 1,570 கோடி டாலருக்கு வாக்குறுதி கிடைத்தது, 2025 நவம்பரில் 1,134 கோடி. இந்தத் தொழிலை மட்டுமே நம்பி நிரந்தர வேலையை விடலாமா என்று கேட்டால், இப்போது வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆனால் பணம் குறையும்போது திட்டங்களுக்கு வரும் கேள்விகள் கடினமாகின்றன. எதை வெட்டுவது, எதை எப்படியாவது காப்பாற்றுவது, எந்தச் செலவை நாட்டின் சொந்த பட்ஜெட்டுக்கு எப்போது மாற்றுவது என்ற முடிவுகளை நடப்பு மானியத்தின் நடுவிலேயே எடுக்க வேண்டியிருக்கிறது. இதில் தவறான ஆலோசனை சொன்னால் ஆட்கள் சிகிச்சையை இழப்பார்கள். குறைந்த எண்ணிக்கையில் ஆலோசகர்கள் போதும், ஆனால் அவர்கள் சோதிக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும்.

ஆங்கிலமும் பிரெஞ்சும் நல்லா தெரிஞ்சவங்களுக்குத்தான் இது சாதகம். உள்ளூர் ஆட்களை ஒதுக்குற ஏற்பாடு இல்லையா?

அப்படி ஆகிவிடும் அபாயம் நிஜம். தேர்வுக்கு அதிகக் கட்டணம், வெளிநாட்டில் நடக்கும் பயிலரங்கு, நேர்த்தியான ஆங்கில அறிக்கைக்குக் கூடுதல் மதிப்பெண் என்று வைத்தால், தங்கள் மாவட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் வெளியே நிற்பார்கள். மானியம் பெறும் நாடுகளே தங்கள் சுகாதார அமைப்பை வழிநடத்த வேண்டும் என்று 2023 டிசம்பரில் வெளியான லுசாகா செயல்திட்டம் என்ற சர்வதேச ஆவணம் சொன்னது. வெளியிலிருந்து வரும் ஆலோசகர்களை மட்டுமே பெருக்கும் சான்றளிப்பு அதற்கு நேரெதிராகப் போகிறது.

சான்றளிப்பு சரியாக நடந்தால் இதே கருவி எதிர்த் திசையிலும் வேலை செய்யும். பெரிய நிறுவனத்தின் பெயர் பின்னால் இல்லாத ஒருவருக்கு, தன் திறமையை நிரூபிக்க வேறு எந்த மேடையும் இல்லை. மேற்பார்வைப் பணியை அவரவர் நாட்டிலேயே வைப்பது, கட்டணத்தை அனுப்பும் நிறுவனமே ஏற்பது, மதிப்பீட்டாளர்களில் மானியம் பெறும் நாடுகளைச் சேர்ந்தவர்களை வைப்பது, சோதனையை அந்த நாட்டின் வேலை மொழியில் நடத்துவது ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள். விண்ணப்பதாரர்கள் எழுத்தில் கேட்டதால் மாறிய விதிகள் உண்டு.

நாங்க திட்டத்தை நடத்துறவங்க. பட்டியல்ல சான்று பெற்றவங்க எல்லாரும் ஒரே மாதிரி தெரியுறாங்க. யாரைக் கூப்பிடுறது?

முதலில் உங்கள் பிரச்சினையை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதுங்கள். "கண்காணிப்பு வலுப்படுத்தல்" என்று எழுதினால் யார் வேண்டுமானாலும் பொருந்துவார்கள். "எட்டு மாவட்டங்களின் காலாண்டு அறிக்கை 45 நாள் தாமதமாக வருகிறது, காரணம் தெரிய வேண்டும், அடுத்த காலாண்டுக்குள் மாற வேண்டும்" என்று எழுதினால் பட்டியல் தானாகச் சுருங்கும்.

பிறகு நீங்கள் கூப்பிட நினைக்கும் ஆலோசகர் முன்பு போன இரண்டு திட்டங்களில், உயரதிகாரியிடம் கேட்காமல், அவரோடு உட்கார்ந்து வேலை செய்த கணக்காளரிடமோ தரவு அலுவலரிடமோ பேசுங்கள். அவர் போனபிறகு எது நின்றது, எது இன்னும் நடக்கிறது என்று கேளுங்கள். கடைசியாக, ஒப்பந்தத்திலேயே அவரோடு முழுநேரம் இருக்கப்போகும் உங்கள் ஊழியர் யார் என்று பெயர் குறிப்பிடுங்கள், அந்த நாட்களுக்கு அந்த ஊழியரின் மற்ற வேலைகளை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.